மச்சானைப் பஸ்ஸிலிருந்து இறக்கிய இன்சூரன்ஸ்

போன வாரம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றினார். ஐம்பதைத் தாண்டிய மனுஷன். ஜனம் ஒதுங்கி வழிவிட்டது. வேறு யார்? என் அக்கா வீட்டுக்காரர், பாண்டி மச்சான்தான்.

அதற்குக் கொஞ்சம் முன்பு வரை அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. திருமங்கலம் பக்கம் மக்காச்சோளம் போட்டிருந்தார். கதிர் ஒடிக்கிற நேரம் பார்த்து அடைமழை... கதிரிலேயே முளைவிட்டுவிட்டது. ஊரில் ஒரு சோளக்காடுகூடத் தப்பவில்லை. மறுபடி விதைக்கக் கையில் காசில்லை. திருப்பூரில் வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்பிவிட்டார். வழியனுப்ப நான் செல்லூரிலிருந்து போயிருந்தேன்.

“இந்த வயசுல போகணுமா மச்சான்?”

“காட்டக் காவல் காத்தேன், வானத்தக் காக்க முடியலையே மாப்ள” என்றபடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

அப்போதுதான் அக்காவின் போன்.

“தம்பி, அவரு போயிட்டாரா?”

“பஸ்ல இருக்காரு.”

“எறக்கு. பயிர் இன்சூரன்ஸ் பணம் ஏறியிருக்கு. பேங்க்ல கேட்டுட்டேன், நெசந்தான்.”

நிலம் அக்கா பெயரில். இன்சூரன்ஸ் கட்டியதும் அவள்தான். ‘வெளையுறதுக்கு முன்னாடியே அபசகுனமா?’ என்று அன்றைக்கு மச்சான் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும்.

ஸ்பீக்கரில் போட்டு, ஜன்னல் வழியாகப் போனை நீட்டினேன்.

“எம்புட்டு?” என்றார்.

“வெதைக்கும் உரத்துக்கும் காணும். உங்க மீசைக்குச் சாயம் வாங்கக் காணாது. வீட்டுக்கு வாங்க.”

பையோடு இறங்கியவர், அதைக் கீழே போட்டுவிட்டுத்தான் என்னைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றினார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

போட்ட முதல் முழுசாகத் திரும்பியதா? இல்லை. லாபம்? பேச்சுக்கே இடமில்லை. காப்பீடு மழையை நிறுத்தாது. ஆனால் விவசாயியை ஊரில் நிறுத்துகிறது — அது போதாதா?

நேரே திருமங்கலம் போய், இப்போதைக்கு என் காசில் உளுந்து விதை வாங்கினோம். வீட்டுக்குப் போவார் என்று பார்த்தால், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இ-சேவை மையத்துக்குள் நுழைந்தார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணின் மேஜையில் அதை இறக்கினார்.

“இதுக்கு இன்சூரன்ஸ் போடணும் தாயி.”

அந்தப் பெண் மூட்டையைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள்.

“போட்ருவோம்ணே... மொதல்ல போய் வெதைங்க.”