எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒரு வரி

பள்ளிக்கூடத்துப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலை மூன்று முறை படித்தேன். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாவது பாரத்தில் இருபத்தொன்பது பேர். செலக்ஷன் பரீட்சையில் தேறிப் பொதுப் பரீட்சைக்குப் போகிறவர்கள் என்று பதினெட்டுப் பேரின் பெயர் எழுதியிருந்தது. என் பெயர் இல்லை. அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். நான்காவது பாரத்திலிருந்தே வாத்தியார் மேசைக்குப் பக்கத்தில் எனக்கென்று தனி பெஞ்சு போட்டிருந்தார்கள்.

என் நோட்டைப் பார்த்துக் கணக்கு எழுதிய முன்சீப் மகன் பெயர் பட்டியலில் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் சுட்டது.

ஹெட்மாஸ்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் அப்பாவைக் கூப்பிட்டனுப்பிச் சொன்னார். பெண் பிள்ளை பரீட்சையில் தவறினால் பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பெயர். வீட்டுக்கும் கெட்ட பெயர். இவ்வளவு படித்ததே அதிகம். நல்ல இடமாகப் பார்த்துக் கல்யாணத்தை முடியுங்கள் என்றாராம். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார். மாமன் மச்சான்களிடம் வரப்புத் தகராறில் ஒரு விரல்கடை விட்டுக்கொடுக்காத மனிதர், நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் என்னை அப்படியே விட்டுக்கொடுத்துவிட்டார். அன்று ராத்திரி அவருக்கு நான் சோறு போடவில்லை.

அம்மா பருத்திக் காட்டிலிருந்து வந்ததும் விஷயம் கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ எத்தனை மார்க்கு?"

தெரியாது என்றேன். மார்க்கைச் சொல்லவே இல்லை.

"தெரியாமயே வந்துட்டயா?" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் சேலையை மாற்றிக்கொண்டு என்னோடு மூன்று மைல் நடந்து வந்தாள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதுவரை பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததுமில்லை. ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்று, பிள்ளையின் மார்க்கைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் அம்மா பக்கம் திரும்பவில்லை. மார்க் ரிஜிஸ்டர் வெளியாட்களுக்குக் காட்டுவதற்கில்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு அம்மா வாசற்படியை அடைத்தாற்போல் கீழே உட்கார்ந்தாள்.

மணி அடித்தது. வாத்தியார்கள் கையெழுத்துப் போட உள்ளே வர முடியாமல் நின்றார்கள். பையன்கள் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். அரை மணி நேரம் கழித்து ஹெட்மாஸ்டர், படிக்கத் தெரியாத பொம்பளைக்கு ரிஜிஸ்டர் எதற்கு என்று கேட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சாமி. எம்பட புள்ளைக்குத் தெரியுமுங்க. அவ கையில குடுங்க, படிச்சுச் சொல்லட்டும்."

அவர் ரிஜிஸ்டரை மேசைமேல் எறிந்தார். நான் எடுத்துப் படித்தேன். என் மார்க்கை மட்டும் படிக்கச் சொல்லித்தான் அவர் எறிந்திருப்பார். நான் எல்லார் மார்க்கையும் படித்தேன், ஜன்னலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. நான் மூன்றாவதாக இருந்தேன். முன்சீப் மகன் இருபதாவது இடத்துக்கும் கீழே. என் குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறது என்று அவர் நினைத்திருந்தால் அது அவர் தப்பு.

அன்று மாலையே என் பெயரைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

பரீட்சை சேலத்தில் நடந்தது. சித்தி வீட்டில் தங்கி எழுதினேன். இங்கிலீஷ் பேப்பரில், கடற்கரையில் கழித்த ஒரு நாளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் கடலைப் பார்த்ததில்லை. என் ஹாலில் இருந்த முக்கால்வாசிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். யாரை நினைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைப் போடுகிறார்கள் என்று எரிச்சலாக வந்தது. வெள்ளம் போகும்போது பார்த்த காவேரியை நினைத்து, அதில் உப்பைச் சேர்த்து எழுதிவைத்தேன்.

கோடையில் பேப்பரில் நம்பர் வந்தது. கல்லூரிக்குத் தகுதி என்று போட்டிருந்த வரிசையில் என் நம்பரும் இருந்தது. அப்பா அந்தப் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் முழுக்கப் போய்வந்தார்.

பிறகு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கைக்கு வந்தது. பெயர், பிறந்த தேதி, இடது முழங்கையில் தழும்பு என்று அங்க அடையாளம், மார்க்குகள் எல்லாம் சரியாக இருந்தன. நடத்தையைப் பற்றி ஹெட்மாஸ்டர் எழுதும் இடத்தில் இங்கிலீஷில் ஒரு வரி, அழகான கையெழுத்தில் இருந்தது. பிடிவாதக்காரி, மேலே இருப்பவர்களுக்கு அடங்காதவள் என்பது அதன் அர்த்தம்.

திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு அப்பாவும் நானும் போனோம். தலைவியம்மாள் மார்க்கைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தைத் திருப்பினார். அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, விடுதியில் நூறு பெண்களை வைத்திருக்கிறேன், அடக்கமானவர்கள்தான் வேண்டும் என்றார். மூன்று வருஷம் படித்துப் பெற்ற மார்க்கெல்லாம் அந்த விரலுக்குக் கீழே நசுங்கிப் போயிற்று.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா என்னிடம்கூடச் சொல்லாமல் ஹெட்மாஸ்டரைப் போய்ப் பார்த்திருக்கிறார். மறுநாள் கிணற்றடியில் வைத்துச் சொன்னார்.

"அம்மணி, உங்கம்மா வந்து அதே வாசப்படியில நின்னு, தெரியாம பண்ணிப்போட்டேன்னு கேக்கோணுமாம். கேட்டா வேற சர்ட்டிபிகேட் எழுதித் தாராராம்."

"நீங்க என்னங்கப்பா சொன்னீங்க?"

"எந்திரிச்சு வந்துட்டேன்."

அவர் எழுந்து வந்துவிட்டார் என்பதைக் கேட்டதும் அவர்மேல் எனக்கு இருந்த கோபம் பாதி போயிற்று. அம்மாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்று இருவரும் பேசிக்கொண்டோம். சொன்னால் அவள் போய்விடுவாள் என்று எங்களுக்குத் தெரியும். எனக்காக அவள் எதையும் செய்வாள். ஹெட்மாஸ்டர் காலில் விழவும் விழுவாள். அதை மட்டும் நான் பார்க்கத் தயாராக இல்லை. கல்லூரி வேண்டாம் என்று அந்தக் கிணற்றடியிலேயே முடிவு செய்தேன். அந்த முடிவை இன்றுவரை நான் தப்பென்று நினைத்ததில்லை. ஆனால் அப்படி ஒரு முடிவை எடுக்கும் இடத்தில் பதினேழு வயதுப் பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்தியவனை மன்னித்ததும் இல்லை.

அம்மா புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மைக் கையெழுத்தைத் தொட்டு, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். நல்ல பெண் என்று எழுதியிருக்கிறார் என்றேன்.

"அவ்வளவு பேசியும் மனுசன் நல்லபடியாத்தான் எழுதியிருக்காரு பாரு," என்றாள். பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள். ஒருமுறை சந்தையில் அவரைக் கண்டு ஒதுங்கி நின்று கும்பிட்டாளாம். அதைக் கேட்ட அன்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ளும்போது அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

வாத்தியார் பயிற்சிக்கு மார்க்கை மட்டும் பார்த்து எடுத்தார்கள். சேலத்தில் படித்து முடித்து, ஜலகண்டாபுரம் பக்கம் வேலைக்குப் போனேன். சுதந்திரம் வந்த வருஷம் அந்த ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆனார். பழைய மாணவர்கள் சேர்ந்து விழா எடுத்தார்கள். முன்சீப் மகன் கையெழுத்துப் போட்டு எனக்கும் அழைப்பு அனுப்பியிருந்தான். அவரால் முன்னுக்கு வந்தவர்கள் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அதில் இருந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம் போயிற்று. அஞ்சலில் போட்டேன். மேடையில் யாரும் அதைப் படிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.