ராமையா தாத்தாவுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னோம்

ராமையா தாத்தாவைப் பற்றி எழுதும்போது நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், ஒன்றையும் மறைக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்து வரிசை வீடுகளில், நம் லயத்தில், அவரை அறிந்த ஆட்களுக்காகத்தான் எழுதுகிறேன். சில வரிகள் உங்களுக்குக் கோபம் தரலாம். எனக்கும் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அவர் இறந்த அன்று பள்ளிக்கூடம் விட்டுப் பலாங்கொடை பஸ்ஸில் வந்து இறங்கியபோது, சந்தியில் நின்ற திரீவீலர் செல்வம் அண்ணன் சொன்னார்: "ஒங்க லயத்து ராமையா போயிட்டாராம்மா. மத்தியானம் சாப்பிட வந்தவங்கதான் பார்த்தாங்களாம்." எப்போது போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் கொழுந்து பறிக்க மலையில் இருந்தார்கள்.

தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தவர் அவர். மனைவி இறந்த பிறகு பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கொழும்புக்குப் போன மகன் திரும்பவில்லை. பக்கத்து வீட்டுச் சரஸ்வதி அக்கா காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு மலைக்குப் போவார். அவர் திரும்பும்வரை தாத்தா மூத்திர ஈரத்திலேயே கிடப்பார். டவுனில் இப்படிப் படுத்திருப்பவர்களின் வீட்டுக்கு அரசாங்கச் செலவில் ஓர் உதவியாள் வந்து கழுவி, உடுப்பு மாற்றிவிட்டுப் போவதை அவர் கேள்விப்பட்டிருந்தார். தனக்கும் கேட்டார். லயம் தோட்டத்தின் பொறுப்பு என்றது அரசாங்க அலுவலகம். வேலைப் பதிவிலிருந்து பெயர் வெட்டிய ஆளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது தோட்டம். அதனால்தான் இரத்தினபுரியில் வழக்குப் போட்டார்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"கோர்ட்டுக்கெல்லாம் போகணுமா மாமா? லயத்துக்கே கேவலமில்லையா?"

"நனைஞ்சு கெடக்குறது நானு. கேவலம் ஒனக்காடா?" என்றார் தாத்தா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

அவர் எப்படி வாழ்கிறார் என்று நேரில் பார்த்து அறிக்கை தரும்படி நீதிமன்றம் ஓர் அதிகாரியை அனுப்பியது. பெரிய ஆள் வருகிறார் என்றால் நம் லயத்தில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். முதல்நாளே வாசலுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். நாறிய மெத்தையைச் சாக்கடைக் கானுக்குப் பின்னால் ஒளித்தோம். தாத்தாவைக் குளிப்பாட்டி, முகம் வழித்து, யாரோ ஒருவருடைய கல்யாணச் சட்டையைப் போட்டுவிட்டோம். அதை அயர்ன் பண்ணியது நான். பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, சரிந்துவிடாமல் இடுப்பில் பழைய சேலையைக் கட்டி, அது தெரியாமல் சால்வை போர்த்தினோம்.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார். தாத்தாவுக்கு நல்ல சிங்களம் தெரியும். ஆனால் நாக்குப் புரள நேரமெடுக்கும். அவர் "சேர்..." என்று தொடங்குவதற்குள் சரஸ்வதி அக்கா முந்திக்கொண்டார்: "கிசி அடுவக் நே சேர், அபி ஒக்கோம பலனவா." ஒரு குறையும் இல்லை, நாங்கள் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். மற்றவர்களும் தலையாட்டினார்கள். தாத்தா மறுபடி வாயைத் திறந்தார். "அவரு கூச்சப்படுறாரு சேர்" என்று அப்பா சிங்களத்தில் சொன்னார். அதிகாரி தேத்தண்ணி குடித்து, நம்மைப் பாராட்டிவிட்டுப் போனார்.

சேலையை அவிழ்க்கும்போது தாத்தா சொன்னார்: "மாப்பிள்ளையாக்கிட்டீங்க. பொண்ணு எங்கடி?" சரஸ்வதி அக்கா சிரித்தார். "கேஸு போட்டது நானு. ஜெயிச்சது ஒங்க மானம்" என்று தாத்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அயலவர்கள் நன்றாகப் பராமரிப்பதால் உதவியாள் தேவையில்லை என்று அறிக்கை வந்தது. அவருக்காக வழக்காடிய சட்டத்தரணி, பலாங்கொடை நஸீமா மேடம், அதை மறுத்து எழுதிக்கொண்டிருந்தார். அதற்குள் படுத்தே கிடந்ததில் வந்த முதுகுப் புண் முற்றி, தாத்தா போய்விட்டார்.

கருமாதியன்று பொழுதுசாய மேடம் தோட்டத்து மண்டபத்துக்கு வந்தார். முதன்முதலில் தாத்தாவின் வீட்டுக்கு வந்த நாளைப் பற்றிச் சொன்னார். சரஸ்வதி அக்கா ஊதுபத்தி கொளுத்த ஓடினாராம். தாத்தா தடுத்தாராம்: "பத்தி வேணாம் புள்ள. நாத்தமும் சாட்சிதான்." அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த வார்த்தையைத்தான்.

"அவர் போனதோட இந்த வழக்கு முடிஞ்சிரும்" என்றார் மேடம். "இதே நெலமையில இன்னொருத்தர் இருந்தா புதுசாப் போடலாம். இந்தத் தடவ வீட்ட உள்ளபடியே காட்டணும். யார் வீட்டுல இருக்காங்க?"

அப்பா எழுந்து நின்றார். "எங்க லயத்துல அப்படி யாரும் இல்லீங்க மேடம்."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். கருமாதிக்கு அம்மா ஏன் வரவில்லை என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டுப் பின்னறையில், அம்மாவின் பராமரிப்பில், என் பெரியப்பா இரண்டு கால்களும் விளங்காமல் படுத்திருக்கிறார். அவர் பெயர் முத்துசாமி.

"அப்பா, பெரியப்பா..." என்றேன்.

"பேசாம இரு புள்ள."

மேடம் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். வெகுநேரம் காத்திருந்தார். "பூட்டணுங்க" என்றார் மண்டபக் காவல்காரர். நாங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் அணைக்கப்பட்டன.