படித்ததும் கிடந்ததும்

தில்லியில் நான் “கானா ஹோ கயா?” என்று கேட்டால் கீழ்வீட்டு குரானா பாட ஆரம்பித்துவிடுகிறார். சாப்பிட்டாயிற்றா என்பதுதான் என் கேள்வி. இந்தியில் சாப்பாட்டுக்கு ஒரு ‘க’, பாட்டுக்கு வேறொரு ‘க’. நம்மிடம் இருப்பது ஒரே ‘க’. அதை வைத்துக்கொண்டுதான் இருபத்தாறு வருடமாக இங்கே சமாளிக்கிறேன். தினமும் காலையில் பால் வாங்கும் இடத்தில் அவர் கையை ஆட்டிப் பழைய பாட்டில் இரண்டு வரி பாட, நான் ரசிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், வாயிலிருந்து ஒரு மூச்சு குறைவாக வந்தால் என்னென்ன போகும் என்று. எனக்கு ஒரு வருடத்துப் படிப்பே போனது.

போன வருடப் பொங்கலுக்குத்தான் அந்த வம்பை விலைக்கு வாங்கினேன். ஆர்.கே.புரத்தில் மீனாட்சி மேடம் என்று ஓர் அரசு அதிகாரி; மாதம் ஒரு ஞாயிறு அவருடைய குவார்ட்டர்ஸில் ஏழு பேர் கூடித் தமிழ்ப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். கேசரி நன்றாக இருந்த ஒரு ஞாயிறு, நெய்யின் தைரியத்தில், “இந்த வருஷம் வாரத்துக்கு ஒரு தமிழ்ப் புத்தகம் படிக்கப்போறேன்” என்று சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். வருடக் கடைசியில் எல்லாப் புத்தகங்களையும் கொண்டுவந்து காட்டிப் பேச வேண்டும் என்று மேடம் குறித்துக்கொண்டார். வீடு திரும்பும் மெட்ரோவில் ஐம்பத்திரண்டு என்ற எண் மெல்ல எனக்கு உறைத்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நாடித்துடிப்பைப் பிடித்துப் பார்த்தேன். துடித்தது. சென்னைக்கு எழுதி இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம் வரவழைத்தேன்.

கோவில்பட்டியில் இருந்தபோது வாசிப்பை யாரும் பழக்கம் என்று சொன்னதில்லை. கிளை நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்த ஒரே நாற்காலிக்குப் போட்டி. அதைப் பிடித்தவன் எழுந்திருக்காமல் இருக்க ஏதாவது படித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித்தான் ஒரு கோடை விடுமுறையில் அலமாரி ஒன்றைக் காலி செய்தேன். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை என்று நானும் எண்ணவில்லை. தில்லியில் எண்ண ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு அட்டையும் கடைசிப் பக்க எண்ணும் மட்டும்தான் கண்ணில் பட்டன.

அந்த வருடம் நான் உண்மையில் என்ன படித்தேன் என்று திரும்பிப் பார்க்கிறேன். ஜனவரியில் மூன்று புத்தகம். பிப்ரவரியில் இரண்டு. மார்ச்சில் ஒன்று, அதுவும் ஒல்லி. வெயில் வந்ததும் போனுக்குள் புகுந்துவிட்டேன். ஊர்க் குழுவில் வந்த மருத்துவக் குறிப்புகள் எல்லாவற்றையும், ஒன்றையொன்று மறுப்பவை உட்பட, படித்தேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய ரசப்பொடி பாக்கெட்டை முன்னும் பின்னும் விடாமல் படித்தேன். தமிழில் அச்சடித்த வேறெதையும் அந்த வருடம் அவ்வளவு நிதானமாக வாசிக்கவில்லை. முழுதாக முடித்தவை பதினொன்று. பாதியில் நின்றவை ஒன்பது. மற்றவற்றை முகர்ந்து பார்த்தேன். ஆனால் மாதாமாதம் மேடம் வீட்டில் நான்கு புத்தகங்களைப் பற்றிப் பேசினேன். முன்னுரையும் பின்னட்டையும் படித்த மனிதன் எவ்வளவு சரளமாகப் பேசலாம் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை, குடியிருப்போர் சங்கத்துக்காகப் பழைய கம்பளியும் புத்தகமும் சேகரிக்க குரானா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹாலில் என் புத்தகங்கள் இரண்டு கோபுரமாக நின்றன. “யே சப்?”, இதெல்லாமா, என்று கேட்டார். மதிப்போடு கேட்டதாக எனக்குப் பட்டது. மார்பை நிமிர்த்தி, “சப் படீ ஹை, குரானா சாப்” என்றேன். எல்லாம் படித்தாயிற்று என்று அர்த்தம். அவர் “அச்சா, அச்சா” என்று தலையாட்ட, நான் அந்தப் பெருமையிலேயே பையை எடுத்துக்கொண்டு முருங்கைக்காய் வாங்கக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது ஹால் விசாலமாக இருந்தது. கோபுரங்களைக் காணோம். பீரோவுக்குள் தேடினேன், கட்டிலுக்கு அடியில் தேடினேன், ஃபிரிட்ஜையும் ஒரு முறை திறந்து பார்த்தேன்.

என் மகள் கயல் சோபாவில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். தில்லியில் பிறந்தவள், கல்லூரி இரண்டாம் வருடம். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டினால் தலை வலிக்கும் என்பாள்.

“குரானா அங்கிள் எடுத்துட்டுப் போனாங்க. நீங்கதானேப்பா சொன்னீங்க, சும்மா கிடக்குதுன்னு.”

“நான் எங்க சொன்னேன்? படிச்சதுன்னுல்ல சொன்னேன்.”

“இல்லப்பா. ‘ட’க்கு அடியில காத்து வரணும். காத்து வந்தா படிச்சது. வரலைன்னா, படீ ஹை, கிடக்குது.”

இந்த வயதில் எனக்கு இந்திப் பாடம். இரண்டு வார்த்தையையும் தமிழில் எழுதிப் பார்த்தேன். ஒரே எழுத்து, ஒரே நீளம். எங்கே ஒளிந்திருக்கிறது அந்தக் காற்று?

“சரி. நீ இங்கதான இருந்த?”

“இருந்தேன்.”

“அப்பா என்ன சொல்ல வந்தேன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

அவள் நகத்தை ஊதினாள். “நீங்க சொல்ல வந்தது ஜூட், பொய். வாயில வந்தது சச், நிஜம். நான் எத கரெக்ட் பண்றது? அந்தப் புக்ஸ் மேல டஸ்ட் தட்றது யாரு, நான்தானே.”

நாக்கு காட்டிக் கொடுத்ததை மன்னித்துவிடலாம். கூடவே நின்று, இரண்டு பாஷையும் தெரிந்தவள், கேட்டுக்கொண்டே நின்றாள் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அன்று மதியம் சாம்பாரில் முருங்கைக்காய் மிதந்தது, நான் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு மேடம் வீட்டில் புத்தகங்களோடு நிற்க வேண்டும். நிற்க ஆள் இருந்தது, புத்தகம் இல்லை.

மூன்று நாள் கௌரவம் பார்த்துவிட்டு குரானாவிடம் போனேன். “அரே, ஆப்னே ஹீ தோ போலா”, நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவரும் என் மேலேயே போட்டார். தமிழ்ப் புத்தகத்தை யாருக்குக் கொடுப்பது என்று சங்கத்தில் யாருக்கும் தெரியவில்லையாம்; தன் வீட்டில் சமைக்கும் செல்விக்குக் கொடுத்துவிட்டாராம். செல்வி கள்ளக்குறிச்சிப் பக்கம். மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் எங்கள் பழக்கம். மறுநாள் அவளை அங்கேயே நிறுத்தினேன்.

“அய்ய, உங்களுதா சார்? வேணாம்னு யாரோ குடுத்ததா சொன்னாங்க. எடுத்தாந்து குடுத்துர்றேன்.”

“அவசரம் இல்லம்மா. எல்லாம் நான் படிச்சதுதான்.”

“படிச்சதா?” அவள் பையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். “பச்சை அட்டை ஒண்ணுல நடுவுல நாலு தாளு ஓரம் வெட்டாம ஒட்டிக்கினு இருந்துச்சே. நாந்தான் கத்தி வச்சுப் பிரிச்சேன்.”

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, படிப்பதற்கு.

“அது கெடக்கட்டும் சார். கடைசில அந்தப் பொண்ணு வேலைய வுட்டுட்டு ஊருக்கே போயிர்றாளே, அது சரின்னு படுதா உங்களுக்கு? எனக்கு ஆறவே இல்ல. அங்க யாரு இருக்கா அவளுக்கு?”

ஆகஸ்ட் மாதம் அந்தப் பச்சை அட்டையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசியிருந்தேன். கதாநாயகி கடைசி வரை நகரத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறாள் என்று பின்னட்டையை வைத்து நானே ஊகித்து, குரலைத் தழுதழுக்க வைத்துச் சொல்லியிருந்தேன். அப்போது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது.

ஞாயிறு அன்று வெறுங்கையோடு போய், “பதினொன்று” என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பச்சை அட்டையின் முடிவை நானே கட்டியதையும் சொன்னேன். மீனாட்சி மேடம் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, தாழ்ந்த குரலில் பேசினார்: “அவ ஊருக்குப் போகலன்னு நீங்க சொன்ன அன்னிக்கு, சார், எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நாமளும் போகாம இருக்கிறது தப்பில்லபோலன்னு. ரெண்டு மூணு நாள் அதையே நெனச்சுக்கிட்டு ஆபீஸ் போனேன்.” ஒரு வாரமாக எனக்குத் துரோகம் செய்தவர்களை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தவன், அந்த வரிசையில் என் பெயரையும் எழுத வேண்டியதாயிற்று, கொட்டை எழுத்தில்.

செல்வியிடம் அந்த ஒரு புத்தகத்தை மட்டும் திருப்பி வாங்கினேன். மற்றவை அவளிடமே இருக்கட்டும், அவள் படிக்கிறாள். இந்த முறை முன்னுரையைத் தாண்டி, நாளுக்குச் சில பக்கமாக, எண்ணாமல் வாசித்தேன். கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டேன். கதாநாயகி பெட்டியோடு பிளாட்பாரத்தில் நிற்கிறாள், ஊருக்குப் போகும் வண்டி உள்ளே வந்துகொண்டிருக்கிறது. மூன்று வாரமாகிறது. நான் இன்னும் அவளை ஏறவிடவில்லை.