மன்ஹைமுக்குப் போன ஒற்றைக் கையுறை

காலை 6.40. ஜெர்மனி, வுப்பர்டால், பார்மன் பகுதி. ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. ஆறரைக்கு வாசலில் நிற்கிறேன் என்று சொன்ன ரெனாட்டே ஆறு மணிக்கே இறங்கி நடைபாதையில் நின்றிருக்கிறா. நான் பத்து நிமிடம் பிந்திப் போனதற்கு மணிக்கூட்டை ஒருக்காப் பார்த்தா, அவ்வளவுதான். ஒன்றும் சொல்லாமல் மணிக்கூட்டைப் பார்க்கிற அந்தப் பார்வை இருக்கிறதே, இந்த நாட்டுக்கு வந்து நாற்பது வருசமாகியும் எனக்கு அது பழகவில்லை. மன்ஹைமுக்கு 270 கிலோமீற்றர். பதினொரு மணிக்கு அங்கே நிற்க வேண்டும்.

ரெனாட்டேக்கு எழுபத்தைந்து வயது. இங்கே ஒரு தொழிற்சாலைக் கன்ரீனில் இருபத்திரண்டு வருசம் அவ சமைத்தா, நான் கோப்பை கழுவினேன். ஜெர்மனில் நாங்கள் இரண்டு பேரும் 'நீ'தான். ஆனால் தமிழில் எழுதும்போது அவவை அப்படி எழுத எனக்குக் கை வராது. தாய் ஜெர்மன்காரி. தகப்பன், போர் முடிந்த பிறகு மன்ஹைமில் இருந்த அமெரிக்கப் படையில் ஒரு கறுப்புச் சிப்பாய். கலியாணம் கட்ட மேலதிகாரி அனுமதி தரவேண்டும். வெள்ளைப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று ஒரு கறுப்புச் சிப்பாய் போய் நின்றால் அந்த அனுமதி லேசில் கிடைக்காது. இவ பிறக்க முதலே அவரைக் கப்பலேற்றிவிட்டார்கள். தாய் ஊர் வாய்க்குப் பயந்து பிள்ளையோடு வுப்பர்டாலுக்கு வந்து சேர்ந்தா.

பின் சீற்றில் ஒரு துணிப்பை. அதற்குள் தடித்த தோலில் தைத்த பேஸ்பால் கையுறை, வலது கைக்குரியது. தகப்பன் விட்டுப்போனது அது ஒன்றுதான். "ஒண்டை எனக்குத் தந்திட்டு மற்றதை அவன் கொண்டு போனவன், திரும்பி வந்து சோடி சேர்ப்பான்" என்று தாய் சாகும்வரைக்கும் சொன்னாவாம். அவன் வரவில்லை. ரெனாட்டேக்கு அந்தக் கோபம் ஆறவேயில்லை. ஒரு பொம்பிளையிடம் ஒற்றைக் கையுறையை விட்டுவிட்டுப் போகிறவன் என்ன மனிசன் என்று கேட்பா. பேஸ்பால் என்ற சொல் காதில் விழுந்தாலே ரீவியை நிற்பாட்டிவிடுவா.

அந்தக் கோபத்தில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு விக்கெற் காப்பாளராக இருந்தவன் நான். இருபது வருசத்துக்கு முதல் ஒருநாள், கன்ரீன் இடைவேளையில் அவ இந்தக் கையுறையைக் கொண்டுவந்து காட்டினா. நான் வாங்கிப் போட்டுப் பார்த்து, பெரிய வைத்தியர் மாதிரித் தலையை ஆட்டி, "ஓம், இது சோடிதான். ஒண்டை வைச்சு ஒண்டும் செய்யேலாது" என்று சொன்னேன். விக்கெற் காப்பாளருக்கு இரண்டு கையுறை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பேஸ்பாலை வாழ்க்கையில் ஒருநாளும் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்ல எங்கடை ஆம்பிளைகளுக்கு வாய் வருமா? அவ கையுறையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிழங்கு உரிக்கப் போய்விட்டா.

8.50. மோசல் ஆற்றுக்கு மேலே போகிற பெரிய பாலம் தாண்டி ஓய்விடம். கழிப்பறைக்கு ஒரு யூரோ, கோப்பி 4 யூரோ 29 சதம். விலையைப் பார்த்ததும் ரெனாட்டே பிளாஸ்கைத் திறந்தா. என்னுடைய மனிசி கட்டித் தந்த ஆட்டிறைச்சி றோல்ஸில் மூன்றைச் சாப்பிட்டு முடித்தா. பிறகுதான் கதைக்கத் தொடங்கினா.

இந்தப் பயணத்துக்குக் காரணம் பத்திரிகையில் வந்த ஒரு சின்னச் செய்தி. மன்ஹைமுக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்பால் கழகம், அந்தக் காலத்தில் தங்கள் மைதானத்தில் ஆடிய கறுப்புச் சிப்பாய்களின் அணிக்கு ஒரு நினைவுப்பலகை வைக்கிறது, பழைய பொருட்கள் இருந்தால் காட்சிப் பெட்டிக்குத் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவோம், அரைவாசிச் சாமானை வீட்டில் வைத்து என்ன செய்கிறது என்றுதான் அவ என்னிடம் சொல்லியிருந்தா. இப்போது மெல்லமாக மற்றதையும் சொன்னா. பலகையில் ஆட்டக்காரர்களின் பெயர்கள் இருக்குமாம். தாய் ஒரேயொரு பெயர்தான் சொல்லியிருந்தா: எடி. அதற்குப் பின்னால் என்ன பெயர் என்று தெரியாமலே எழுபத்தைந்து வருசம் போய்விட்டது. அன்றைக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தா. பாவம், பூட்டின பிளாஸ்க் மூடியைத் திரும்பவும் திறந்து திரும்பவும் பூட்டினா.

10.25. மைதானம். பழைய படைமுகாமின் மதிலோரம் ஒரு புல்வெளி, நாலு வரிசை மரவாங்கு, சொசேஜ் சுடுகிற புகை. சொசேஜும் பாணும் 3 யூரோ 50. எண்பது பேர் வந்திருப்பார்கள். பெயர்ப் பதிவு மேசையில் இருந்த பெண் என் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து, "அண்ணா, நீங்க தமிழா?" என்றாள். சுபா. திருநெல்வேலிப் பிள்ளை. பக்கத்து ஊரான வால்டோர்ஃபில் கம்ப்யூட்டர் வேலை, வார இறுதியில் இந்தக் கழகத்தின் பெண்கள் அணியில் ஆடுகிறாளாம். விழா முடிந்ததும் பொருளைத் தன்னிடம் தந்தால் போதும், ஃபார்மைத் தானே நிரப்பிக்கொள்வதாகச் சொன்னாள்.

11.00. கழகத் தலைவர் பேசினார். ஒல்லியான மனிதர், துண்டுக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். ஆனால் சொன்னது நெஞ்சில் இறங்கியது. இவர்கள் ஒரே படையில் இருந்தும் தனி முகாமில் படுத்தவர்கள், தனி அணியில் ஆடியவர்கள். வெள்ளையரின் அணியை வென்ற நாளிலும் அவர்கள் போகிற விடுதிக்குள் போய் ஒரு பியர் குடிக்க முடியாது. ஊரில் இருந்தபோதும் பெரிய லீக்கின் கதவு இவர்களுக்குப் பூட்டித்தான் கிடந்தது, கறுப்பர்களுக்கென்று தனி லீக். அப்படியிருந்தும் பின்னேரங்களில் மதிலுக்கு வெளியே நின்று பார்த்த ஜெர்மன் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுப் பந்து எறியப் பழக்கினார்கள். அந்தப் பிள்ளைகள்தான் பிறகு இந்தக் கழகத்தைத் தொடங்கினவர்கள். "அவர்களுக்கு நன்றி சொல்ல எங்களுக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கக்கூடாது" என்று சொல்லிக் காகிதத்தை மடித்து வைத்தார்.

கற்பலகையின் துணியை இழுத்தார்கள். ஒன்பது வரி. ஏழில் பெயர்கள். எடி என்று ஒருவரும் இல்லை. கடைசி இரண்டு வரியிலும் 'பெயர் தெரியவில்லை' என்று பொறித்திருந்தது. ரெனாட்டே மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்தா, திரும்பவும் மேலிருந்து வாசித்தா. பிறகு என்னைப் பார்க்காமல், பையைக் கொடுத்துவிட்டுப் போவோம் என்றா. எனக்கு அந்தக் கல்லை உடைக்கலாம் போல இருந்தது.

12.10. கழக வீட்டுக்குள். சுபா கையுறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஃபார்மில் 'எண்ணிக்கை' என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினாள். நான் சும்மா இருக்கமாட்டாமல், சோடியில் ஒன்று என்று எழுதுங்கோ பிள்ளை, மற்றது அமெரிக்காவுக்குப் போய்விட்டது என்றேன். அவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சோடியா? இல்லண்ணா. பேஸ்பால்ல எல்லாருக்கும் ஒரே ஒரு கிளவ்தான். இன்னொரு கையால பந்தை எறியணும்ல?"

அவள் தமிழில் சொன்னதால் ரெனாட்டேக்கு விளங்கவில்லை, எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தா. சுபா ஜெர்மனில் சொல்ல வாயெடுத்தாள். பொறு பிள்ளை, நான் சொல்கிறேன் என்று தடுத்தேன். பிழையாகச் சொன்னவன்தானே திருத்தவேண்டும்?

சொன்னேன். ரெனாட்டே, இருபது வருசத்துக்கு முதல் நான் சொன்னது பிழை, எனக்குத் தெரியாமல் சொன்னேன். இதில் சோடி என்று ஒன்று கிடையாது. அவர் பாதியை விட்டுப்போகவில்லை. அவரிடம் இருந்ததே இந்த ஒன்றுதான்.

அவ கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தா. சுபாவுக்கும் ஏதோ பெரிய விசயம் என்று விளங்கியிருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தி ஜெர்மனில் இன்னொன்றும் சொன்னாள். இது வலது கையில் போடுகிற கையுறை. அப்படியென்றால் போட்டவர் இடது கையால் எறிகிறவர். அப்படி எந்த அணியிலும் கனபேர் இருக்கமாட்டார்கள். சொல்லிக்கொண்டே சுவரில் தொங்கிய அணிப்படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஒன்பது பேர் நிற்கிறார்கள். எட்டுப் பேரின் கையுறை இடது கையில். வலப்பக்கத் தொங்கலில், கடைசி ஆளாக நிற்கிற நெட்டை மனிதனுக்கு மட்டும் வலது கையில். பெயர் தெரியாத இருவரில் ஒருவர் அவர்தான் என்றாள்.

ரெனாட்டே படத்தை மடியில் வைத்துக் கனநேரம் பார்த்தா. இடது கை விரலால் அந்த முகத்தைத் தொட்டா. இருபத்திரண்டு வருசம் அந்தக் கையால்தான் கிழங்கு உரித்தா. பள்ளிக்கூடத்தில் அந்தக் கையால் எழுதியதற்கு அடி வாங்கியிருக்கிறா, அதை எத்தனையோ தரம் எனக்குச் சொல்லியிருக்கிறா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

தலைவர் வந்தார். காட்சிப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, நடுத்தட்டில் வைப்போம் என்று கையை நீட்டினார். ரெனாட்டே கையுறையை மார்போடு அணைத்துக்கொண்டா.

"அரைவாசியெண்டால் தந்திருப்பன். முழுசை எப்பிடித் தாறது?"

அந்த மனிதருக்கு விளங்கவில்லை. சுபா காதுக்குள் சொன்னதும் பெட்டியை மெல்ல மூடினார். அப்போது ரெனாட்டே எழும்பி, கையுறைக்குப் பதிலாகத் தன்னிடம் ஒரு பெயர் இருக்கிறது, அதைத் தருவதாகச் சொன்னா. அவருடைய பெயர் எடி, அதற்கு மேல் தனக்கும் தெரியாது என்றா. தலைவர் பேச்சு எழுதிய அதே துண்டுக் காகிதத்தின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டு, எழுத்து வெட்டுகிறவரை அடுத்த கிழமையே கூப்பிடுவதாகச் சொன்னார். பெயரைக் கேட்டு வந்தவ பெயரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தா.

2.15. புறப்பட்டோம். சுபா படத்தைத் தன் போனில் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, கார்க் கதவுவரை வந்தாள். மீந்த றோல்ஸை அவளிடம் கொடுத்தேன். வரும்போது பின் சீற்றில் கிடந்த கையுறை திரும்பும்போது ரெனாட்டேயின் வலது கையில் இருந்தது. அதோடு சீற் பெல்ற் போட ஏலாமல் அவதிப்பட்டா, நான்தான் எட்டிப் பூட்டிவிட்டேன்.

ஒரு பயணத்தின் போக்கும் வரவும் ஒரே தூரமாக இருப்பதில்லை. கிலோமீற்றர்க் கணக்கு அதே 270தான், ஆனால் காலையில் வந்த றோட்டு இதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க இரண்டு மூன்று தரம் வாயெடுத்தேன். விடு தாசன், அம்மாவும்தான் பிழையாக விளங்கிக்கொண்டா, நீ எம்மாத்திரம் என்று சொல்லி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா. நித்திரையாக்கும் என்று றேடியோவைக் குறைத்தேன்.

4.05. மோசல் பாலம். கீழே ஆறு, இரண்டு கரையிலும் திராட்சைத் தோட்டம். நித்திரை என்று நான் நினைத்திருந்த மனிசி கையுறையை ஒருக்கா விரித்து மூடிவிட்டுக் கேட்டா:

"அப்ப அமெரிக்காவிலை போய் எதாலை பந்து பிடிச்சிருப்பார்?"

இருபத்திரண்டு வருசமும் அதற்குப் பிறகும், அந்த மனிசனை அவ திட்டித்தான் நான் கேட்டிருக்கிறேன். அவருக்காகக் கவலைப்பட்டு ஒரு கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.