நன்றியுரையில் கேட்ட கேள்வி

எங்கள் வாசிகசாலையில் கூட்டம் நடந்தால் என் பொறுப்பு கதிரை அடுக்குவது. அதற்குப் பேச வேண்டியதில்லை என்பதால்தான் ஏற்றுக்கொண்டேன். நான் ஓ.எல். பரீட்சை வரை மட்டும் படித்தவன், துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை.

வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, எங்கள் வாசிகசாலையில் கரும்பொருள் பற்றிப் பேசச் சம்மதித்தார். அண்டத்தில் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொருள்தான் அதிகமாம். அதன் ஈர்ப்பு தெரிகிறது, அது தெரிவதில்லை. தெரிந்த துகள்கள் எதுவும் அதற்குப் பொருந்தாததால், கொள்கையை நீட்டிப் புதிய துகள் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒன்றைச் சேர்த்தால் அதற்குத் துணையாக இன்னும் இரண்டு வந்துவிடுமாம். கலியாணத்துக்கு ஆள் அழைத்தவர்களுக்கு இது விளங்கும்.

அந்தத் துகள்கள் மோதி அழிந்தால் காமாக் கதிர் வெளிவரலாம். பால்வீதியின் நடுவிலிருந்து கணக்குக்கு மிஞ்சிய காமாக் கதிர் வருகிறது. அது கரும்பொருளின் வேலையா, அங்கே சுழலும் செத்த விண்மீன்களின் வேலையா என்பதுதான் சண்டை.

எனக்கு ஒரு கேள்வி வந்தது. கேட்காமல் வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது என்று தெரிந்தது.

"கேள்வி இருக்கிற ஆக்கள் கேக்கலாம்" என்றார் வாசிகசாலைத் தலைவர்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "பிள்ளை, நாளைக்கு மழை வருமோ?"

என் கை தோள்வரை உயர்ந்தது. அங்கே சும்மா சொறிந்துவிட்டு இறங்கியது.

தலைவர் என் காதருகே குனிந்தார். "தம்பி, நன்றியுரை சொல்லுறவர் வந்த பஸ் கிண்ணியாவிலை பழுதாகி நிக்குதாம். நீங்கள்தான் சொல்லவேணும்."

"எனக்கு ஏலாது ஐயா."

"ஏலும். பேச்சாளர், மைக் தந்தவர், வடை சுட்டவை. அவ்வளவுதான்."

மைக்கைப் பிடித்து, "பேச்சாளர் அவர்களே" என்றேன். அடுத்து நன்றி வந்திருக்க வேண்டும். கேள்வி முந்திக்கொண்டது.

"டவுணிலை எல்லா லைட்டும் எரியேக்கை எது எந்த வீட்டு வெளிச்சம் எண்டு பிடிக்கேலாது. சாம்பல்தீவு வயலுக்கை ஒண்டு எரிஞ்சா உடனை தெரியும். அப்பிடி விண்மீன் குறைஞ்ச இடமாப் பாத்துத் தேடேலாதோ?"

பேச்சாளர் கதிரையின் நுனிக்கு வந்தார். "ஓம், தேடுறம்! பால்வீதியைச் சுத்திச் சின்னச் சின்ன விண்மீன் கூட்டங்கள் இருக்கு. அங்கை விண்மீன் குறைவு, கரும்பொருள் கூட. இன்னும் நிச்சயமா ஒண்டும் தெரியேல்லை."

நான் நினைத்தது சரி என்பதில் சந்தோஷம். அதை உலகம் முன்பே நினைத்துவிட்டதே என்று கொஞ்சம் கவலை.

"அப்ப நடுவிலை தெரியிறது விண்மீன்தானோ?"

"அப்பிடி முடிவா சொல்லவும் ஏலாது. கரும்பொருளா இருந்து, சின்னக் கூட்டத்திலை இருந்து வாற கதிர் எங்கடை கருவிக்குப் பிடிபடாமலும் இருக்கலாம்."

"அப்ப பெரிய கருவி..."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணை, நன்றியைச் சொல்லிப்போட்டு விடுங்கோ, வடை ஆறுது!"

சபை சிரித்தது. தலைவர் மைக்கை என் விரல்களிலிருந்து பக்குவமாகக் கழற்றி, எல்லோருக்கும் நன்றி சொன்னார். நன்றியுரை ஆற்றியதற்காக எனக்கும் சொன்னார்.

தேத்தண்ணி மேசையில் அந்தப் பெண் என்னைத் தேடி வந்தார். "அண்ணை, பாதியிலை விட்டிட்டியள். பெரிய கருவி எண்டு என்னமோ கேக்க வந்தனீங்கள்?"

என் கையில் இப்போது மைக் இல்லை. கோப்பைதான் இருந்தது.

"தேத்தண்ணிக்குச் சீனி போதுமோ?" என்று கேட்டேன்.