எண்பத்தெட்டுக் கண்ணி

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் பழுதான நாட்களில் எழுபத்திரண்டு படி. மனைவிக்கு மருந்து ஏற்றத் தொடங்கிய பின் அந்தப் படிகளை மறுபடியும் எண்ணினேன், அவளை எத்தனை இடத்தில் இருத்தி எழுப்ப வேண்டும் என்று அறிவதற்காக. ஐந்து இடம்.

புற்றுநோய் என்ற சொல்லை நாங்கள் வீட்டில் பாவிப்பதில்லை. மருந்து என்று மட்டுமே சொல்வோம். மூன்று கிழமைக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு முறை என்றார் டொக்டர். முதல் முறை போனபோதே அந்த ஏசி அறை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து மணித்தியாலம் குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் அவளுக்கு ஒரு விஷயம் சொல்லியிருக்கிறாள்: முடி கொட்டிய பிறகு தலைத்தோல் புண் மாதிரி நோகும், கடைத் தொப்பியில் இரண்டு துண்டைப் பொருத்திய தையல் அந்த இடத்தில் அறுக்கும்.

"பொருத்துத் தையல் இல்லாமல் சுற்றிப் பின்ன வேணும்" என்றாள் மனைவி.

வெளிநாட்டில் இருக்கும் மகள்மாரின் பிள்ளைகளுக்கு அவள் அப்படித்தான் தொப்பியும் காலுறையும் பின்னி அனுப்பினாள். பதினொரு சோடி காலுறை, ஏழு தொப்பி. ஆனால் முதல் மருந்தோடு அவளுடைய விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. ஊசியைப் பிடித்தால் பிடித்தது தெரியவில்லை. எனவே பின்னும் வேலை எனக்கு வந்தது.

அளவு நாடாவை அவள் தலையைச் சுற்றிப் பிடித்தேன். இருபத்திரண்டு அங்குலம். கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். ஊசியில் ஏறி நிற்கும் ஒவ்வொரு நூல் வளையத்தையும் அவள் கண்ணி என்பாள். அங்குலத்துக்கு நாலு கண்ணி, ஆகவே எண்பத்தெட்டு. இரு பக்கமும் கூரான ஊசிகள் ஐந்து. நாலு ஊசியில் இருபத்திரண்டு இருபத்திரண்டாகச் சதுரமாக நிற்கும், ஐந்தாவது ஊசி சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டு போகும்.

"முதல் சுற்றைப் பொருத்தேக்க முறுகாமல் பாருங்கோ. முறுகினால் பிறகு அவிழ்க்கிறதுதான்."

முறுகியது. மூன்று முறை அவிழ்த்தேன். ஒவ்வொரு முறையும் கண்ணி சரியாக எண்பத்தெட்டு இருந்தது. எண்ணினால் முறுக்கு தெரியாது.

இதற்குள் அவளுடைய முடி கொட்டிவிட்டது. மூன்றே நாளில் தலையணை, குளியலறை, சாப்பாட்டுக் கோப்பை எல்லா இடமும் முடி. இரண்டாம் மருந்துக்குச் சேலைத் தலைப்பை மூடிக்கொண்டு போனாள். அது நழுவி நழுவி விழுந்தது. தாதி இரண்டு தரம் எடுத்து மூடிவிட்டார். மூன்றாம் மருந்துக்குத் தொப்பி இல்லாமல் வரமாட்டேன் என்று வரும் வழியில் முச்சக்கர வண்டிக்குள் சொன்னாள். அப்படி எதற்கும் அடம்பிடிப்பவள் அல்ல.

மறுநாள் நான் நாலாவது முறையாகத் தொடங்கும்போது, "இஞ்சாருங்கோ, இன்னொருக்கா அளவு பாருங்கோவன்" என்றாள்.

"அளந்து எழுதி வைச்சிருக்கிறன். நீர் சும்மா படுத்திரும்."

நான் முப்பத்தெட்டு வருடம் படவரைஞனாக வேலை பார்த்தவன். எதையும் இரண்டு தரம் அளக்காமல் கோடு போட்டதில்லை. அவளுக்கும் அது தெரியும். அந்தத் தலையைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. முடி கொட்டிய நாள் முதல் நான் அவளுக்கு வலப்பக்கமாகவே உட்கார்ந்தேன், முகம் மட்டும் தெரியும்படி.

சனிக்கிழமை பின்னேரம் தொப்பி முடிந்தது. நாற்பத்தாறு சுற்று, ஒரு கண்ணிகூடப் பிழையில்லை. அவள் போட்டாள். அது புருவத்தைத் தாண்டி, கண்ணை மூடி, மூக்கில் வந்து நின்றது.

"வடிவாயிருக்கே?" என்றாள் தொப்பிக்குள் இருந்து. "எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

நான் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு நாடாவை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். தலை சூடாக இருந்தது. காதுக்கு மேலே நான் ஒருநாளும் கண்டிராத ஒரு மச்சம். நாடா இருபதில் நின்றது. இரண்டாம் தரமும் அளந்தேன். இருபது.

"முடி ரெண்டு அங்குலம்" என்றாள். "நான் அண்டைக்கே நினைச்சனான்."

"அப்ப ஏன் வற்புறுத்திச் சொல்லேல்லை?"

"உங்களுக்குக் கை வராது எண்டு தெரியும்."

நாற்பத்தாறு சுற்றையும் அவிழ்த்தேன். எண்பது கண்ணியோடு மறுபடி தொடங்கினேன். திங்கள் காலை மூன்றாம் மருந்துக்காக ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோது முப்பத்தெட்டுச் சுற்று ஆகியிருந்தது. இனி உச்சிக்காகச் சுற்றுக்கு எட்டாகக் குறைத்துக்கொண்டு போக வேண்டும், இன்னும் ஒரு மணித்தியால வேலை. எங்கள் நம்பர் பதினாலு. பதின்மூன்றைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"குறைக்க வேண்டாம்" என்றாள். "எல்லாக் கண்ணிக்குள்ளாலையும் நூலைக் கோத்து இழுத்துக் கட்டுங்கோ."

கைப்பையைத் திறந்து பெரிய காதுள்ள ஊசி ஒன்றை எடுத்துத் தந்தாள். நான் முடிக்கமாட்டேன் என்று தெரிந்துதான் கொண்டுவந்திருக்கிறாள். தாதியின் கத்தரிக்கோலால் நூலை வெட்டினேன். கோத்தேன், இழுத்தேன். எண்பது கண்ணி ஓரிடத்தில் நெருங்க இடம் போதாமல் உச்சியில் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவு ஓட்டை ஒன்று மிஞ்சியது.

"வாற முறைக்கு முதல் அடைச்சுத் தாறன்."

"காத்து வரட்டும், விடுங்கோ" என்றபடி போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அது காதை மூடி, நெற்றியில் நின்றது. அன்று அவள் நடுங்கவில்லை.

நாலாம் மருந்தோடு டொக்டர் நிறுத்திவிட்டார். மீதி இரண்டும் தேவையில்லை என்று அவர் சொன்னபோது நான் அதை நல்ல செய்தி என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அவள் நினைக்கவில்லை. பிறகு நாற்பத்தொரு நாள் இருந்தாள். அத்தனை நாளும் மின்விசிறி சுழலும் அறையில் தொப்பி தலையில் இருந்தது. அடைக்கட்டுமா என்று பலமுறை கேட்டேன். கழற்றித் தர மறுத்துவிட்டாள்.

தொப்பி இப்போது அலுமாரியில், அந்தக் கலண்டர் தாளோடு இருக்கிறது. ஓட்டை அப்படியே இருக்கிறது. தாளில் இருபத்திரண்டை ஒற்றைக் கோட்டால் வெட்டிக் கீழே இருபது என்று எழுதியிருக்கிறேன். வரைபடத்தில் பிழை திருத்தும்போது அப்படித்தான் செய்வோம், பழைய இலக்கமும் தெரிய வேண்டும் என்பதற்காக.