தட்டாமல் திருப்பிய வால்வு

எங்கள் தெருவில் வாழ்க்கை வரலாறு எழுதப்படத் தகுதியுள்ளவர் ஒருவர் உண்டென்றால் அது 'வாஷர்'தான். தொழில் பிளம்பர். பட்டம் கொடுத்தவர் அவருடைய மைத்துனர். நம்மவர் தன் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றபோது, கை கழுவும் இடத்தில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டு மேடையிலிருந்து இறங்கிப்போய் வாஷர் மாற்றிவிட்டு வந்தார். அன்றிலிருந்து இருபத்தெட்டு ஆண்டுகளாக, வெளியே எங்கு சாப்பிட உட்கார்ந்தாலும் அவர் மனைவிக்கு எதிர் நாற்காலி காலி. அதற்குரியவர் ஏதாவதொரு தொட்டிக்கடியில் படுத்திருப்பார். வேலை முடிந்ததும் தொட்டியின்மேல் தன் ஃபோன் எண்ணை ஒட்டிவிட்டு வருவார். ஊரில் அவர் எண் ஒட்டாத தொட்டி இல்லை.

மனைவி தையல் தொழிற்சாலையில் நாற்பது பேரை மேய்க்கும் மேற்பார்வையாளர். ஊரே வரிசையில் நிற்கும் புது உணவகத்தில் மேசை பதிவு செய்து, வாசலிலேயே சட்டத்தை அறிவித்தார்.

"இங்க பாருங்க. இன்னைக்கு ஒரு நாள், சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நாற்காலிய விட்டு எழுந்திரிக்கக் கூடாது. எழுந்தீங்க, இனிமே உங்களோட பக்கத்துக் கடை வரைக்கும்கூட வரமாட்டேன்."

"எழுந்தா கேளு."

உள்ளே அவருக்கு எதிரான சதி தயாராக இருந்தது. ஏதோ பழைய கிடங்காம். சுவரின் பூச்சைச் சுரண்டி, செங்கல்லைக் காட்டி, அதன்மேல் தரையிலிருந்து கூரை வரை தங்க வர்ணம் அடித்த குழாய்களை ஓடவிட்டிருந்தார்கள். குழாயைச் சுவருக்குள் ஒளித்துவைப்பதையே பிழைப்பாகக் கொண்ட மனிதருக்கு இது அடுத்தவர் குடலைப் பார்ப்பதுபோல இருந்தது.

தாடியும் தோல் ஏப்ரனுமாக, குதிரைக்கு லாடம் அடிக்க வந்தவர்போல் சர்வர் வந்தார்.

"தம்பி, இதெல்லாம் எங்க போகுது?"

"எங்கயும் போகாது சார். சும்மா லுக்குக்கு."

"தண்ணி?"

"சார், இது தீம்."

கறுப்புக் கல்லில் ஒரு காலிஃபிளவர் வந்தது. பக்கத்தில் பச்சைச் சட்னியால் தூரிகையில் பூசியதுபோல் ஒரு இழுப்பு.

"பூசி முடிக்கலயா இன்னும்? பாதியில விட்டுட்டுப் போயிட்டான்."

"வாய மூடிக்கிட்டு சாப்பிடுங்க."

"வாய மூடிக்கிட்டு எப்படிடி சாப்பிடறது?"

முழங்கைக்கருகே மூன்று குழாய்கள். ஒன்றை விரல் முட்டியால் தட்டினார். வெற்றுச் சத்தம். இரண்டாவதும் வெற்று. "களவாணிப் பசங்க" என்று முனகிவிட்டு, மூன்றாவதைத் தட்டாமலே அதிலிருந்த வால்வுச் சக்கரத்தை வலப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினார். எந்தச் சக்கரத்தைக் கண்டாலும் முதலில் அடைப்பது, பிறகு யோசிப்பது என்பது அவர் தொழில்முறை. நாற்காலியைவிட்டு எழவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டு நிமிடத்தில் சமையலறையில் பாத்திரம் உருண்டது. "தண்ணி வரல!" என்று ஒரு குரல். கல்லாவில் மேனேஜர் ஃபோனைக் காதில் வைத்தார். வாஷரின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது.

மனைவி ஃபோனைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், தங்கச் சக்கரத்தைப் பார்த்தார்.

"நீங்களா?"

"ரெண்டு தட்டினேன். மூணாவது..."

"எடுங்க. எழுந்திரிக்காம எடுங்க."

எடுத்தார். மேனேஜரின் குரல் காதிலும் கல்லாவிலும் ஒரே நேரத்தில் கேட்டது: "அண்ணே, பழைய டயர் குடோன் மாடித் தொட்டியில உங்க நம்பர் ஒட்டியிருக்கு. உடனே வரணும்ணே!"

டயர் குடோன்! இது குடோனாக இருந்தபோது வாசல் பின்தெருவில் இருந்தது. இருபது வருடத்துக்கு முன் அந்த வால்வைப் பொருத்தியது வாஷரேதான். பெற்ற பிள்ளைக்குத் தங்கப் பூச்சு அடித்ததும் தகப்பனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"இப்படியே கைய நீட்டித் திறந்துவிட்டுடட்டுமா?" என்றார் மனைவியிடம், பரிதாபமாக.

"கைய எடுங்க. தொறந்தா எப்படித் தண்ணி வந்துச்சுன்னு கேப்பான், நீங்க எழுந்து போய் விளக்குவீங்க. லீவுன்னு சொல்லுங்க."

"இன்னைக்கு லீவு தம்பி. வீட்டம்மாவோட சாப்பிட்டுட்டு இருக்கேன்."

"எங்க அண்ணே? வண்டி அனுப்பறேன்!"

"தூரம்" என்று வைத்துவிட்டார். எட்டடி.

அதன்பிறகு அந்த அம்மாள் காலிஃபிளவரை ஒவ்வொரு பூவாகப் பிரித்துச் சாப்பிட்டார். பச்சை இழுப்பை வழித்தார். கடைசியில் இனிப்பும் கேட்டார். குடத்தில் தண்ணீர் சுமந்த சர்வரின் ஏப்ரன் முதன்முறையாக வியர்வையைப் பார்த்தது. எதிர் நாற்காலியில் வாஷர், பாதி எழுந்த முதுகைப் பல்லைக் கடித்து அழுத்திக்கொண்டு, கடைசி வாய் வரை உட்கார்ந்திருந்தார்.

எழுந்து கிளம்பும்போது அந்த அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டுகிற சாக்கில் சக்கரத்தை இடப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினார். சர்வர் பாய்ந்து வந்தார்.

"மேடம், அதெல்லாம் தொடக்கூடாது! டெக்கரேஷன்!"

உள்ளே குழாய்கள் இருமின. தண்ணீர் கொட்டியது. யாரோ கைதட்டினார்கள்.

"தெரியும்பா" என்றார். "இவரும் இருபத்தெட்டு வருஷமா எனக்கு டெக்கரேஷன்தான். இன்னைக்குத்தான் வேலை செஞ்சாரு."